பழசு வாங்க வசதி வேண்டும்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. காசு உள்ளவன் புதுசு வாங்குவான், இல்லாதவன் பழசு வாங்குவான். மதுரையிலிருந்து கொல்லம் போகும் சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே புளியமரங்களை ஒட்டி ஒரு பழைய மரக்கடை. அங்கே ஒருவர் போய் நின்றால் அவர் வீடு கட்டுகிறார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். கையைக் கடித்துக்கொண்டு கட்டுகிறார் என்பதும் கூடவே தெரிந்துவிடும். அதனால் கொஞ்சம் மானஸ்தர்கள் பகலில் வந்து விலை பேசிவிட்டு, இருட்டிய பிறகு மாட்டுவண்டி அனுப்பிச் சாமானை எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது அந்த விதியைத் தலைகீழாக நிறுத்திவிட்டார்கள். காசு உள்ளவர்தான் பழசு வாங்குகிறார். அதுவும் பட்டப்பகலில், காரில் வந்து, கதவோடு சேர்ந்து நின்று செல்பி எடுத்துக்கொண்டு. காசு இல்லாதவருக்குப் புதுசை விட்டால் வேறு வழி இல்லை.

அந்தக் காலத்துக் கடையைக் கடை என்று சொன்னதே ஒரு மரியாதைக்குத்தான். பெயர்ப்பலகை கிடையாது. கூரை என்று ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் நல்ல தேக்கு மட்டும். மற்றதெல்லாம் வெயிலிலும் மழையிலும். நிலைகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். சுவர் இல்லாத வாசல்கள். நாங்கள் சிறுவர்கள் ஒன்றுக்குள் நுழைந்து அடுத்ததில் வெளியே வந்து விளையாடுவோம். ஒரு பக்கம் உத்தரங்களும் கைமரங்களும் அடுக்கியிருக்கும். இன்னொரு பக்கம் மங்களூர் ஓடு. சாக்குகளில் கொண்டி, நாதாங்கி, கீல், தாழ்ப்பாள். இரும்பு எல்லாம் எடைக்கு. மரம் கன அடிக்கு. கதவு மட்டும் முகத்தைப் பார்த்து. கதவின் முகத்தை அல்ல, வாங்க வந்தவரின் முகத்தை.

கடைக்கார அண்ணாச்சி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். எந்தச் சாமானும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவர் சொல்ல மாட்டார். அது தொழில் தர்மம். “எங்கிட்டு வந்தா என்ன தம்பி, மரத்தைப் பாருங்க” என்பார். விற்றவருக்கும் மானம், வாங்கியவருக்கும் மானம். இரண்டையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்தது.

சாமான் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் பழைய வீட்டை இடிக்க உரிமையாளர் காசு கொடுக்க மாட்டார். இடிக்கிற காண்ட்ராக்டர்தான் அவருக்குக் காசு கொடுப்பார். வீட்டில் இருக்கும் மரத்தையும் ஓட்டையும் இரும்பையும் மனக்கணக்குப் போட்டு ஒரு தொகை பேசி, ஆட்களைக் கடப்பாரையோடு ஏற்றிவிடுவார். வீட்டைக் கட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் பிரிப்பார்கள். முதலில் ஓடு. ஒன்றொன்றாகக் கைமாற்றிக் கீழே இறக்குவார்கள். பிறகு சட்டம், கைமரம், விட்டம். மச்சு வீடாக இருந்தால் மரச்சட்டத்தின் மேல் சின்னச் செங்கலைக் குத்தவைத்துச் சுண்ணாம்புக் காரை போட்ட மட்டப்பாவைப் பொறுமையாகக் கொத்த வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்த காரை லேசில் விட்டுக்கொடுக்காது. கடைசியில்தான் நிலை. ரொம்பப் பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவோடு சேர்ந்த குடுமி மேலும் கீழும் குழியில் உட்கார்ந்து சுழலும். நிலையைப் பிரிக்காமல் கதவைக் கழற்ற முடியாது. ஒரு வீட்டைப் பிரிக்க ஒரு மாதம் ஆகும். ஒரு மாதத்துக்குத் தெரு முழுக்கத் தூசி.

மரங்களில் பர்மா தேக்குக்குத் தனி இடம். செட்டிநாட்டு வணிகர்களால் பெயர் பெற்ற அந்த மரம், வசதியான எங்கள் ஊர் வீடுகளுக்கும் வந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. ஆகவே எங்கள் பக்கத்தில் பர்மா தேக்கு என்றால் பெரும்பாலும் யுத்தத்துக்கு முந்தைய வீடு என்று பொருள். அதற்கு அடுத்தபடி மலைத் தேக்கு, வேங்கை, கோங்கு. ஏழை வீட்டில் வேம்பும் பூவரசும்.

கடையில் மரத்துக்குச் சமமாகத் தண்டவாளத் துண்டுகளும் கிடக்கும். விருதுநகர்–தென்காசி மீட்டர் கேஜ் பாதை 1927-ல் திறந்தது. ரயில்வே கழித்துப்போட்ட பழைய தண்டவாளத்தை உத்தரத்துக்குப் பதில் வைத்துக் கட்டிய வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. தண்டவாளத்தின் இடுப்பில் உருக்காலையின் பெயரும் உருட்டிய ஆண்டும் புடைத்து நிற்கும். வெள்ளையடிக்கும்போது அதன்மேலும் சுண்ணாம்பு பூசிவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் கொசுவலையின் கயிறு கட்டியிருந்தது அப்படி ஓர் இங்கிலாந்துத் தண்டவாளத்தில்தான்.

அந்தப் பின்கட்டுக்கு நிலை வாங்கத்தான் அப்பா என்னைக் கூட்டிப்போனார். கூட ஆசாரி. ஆசாரி இல்லாமல் பழைய மரக்கடைக்குப் போவது வக்கீல் இல்லாமல் கோர்ட்டுக்குப் போவது மாதிரி. அவர் கதவைப் பார்க்கவே இல்லை. முதலில் விரல் முட்டியால் தட்டிக் கேட்டார். வைரம் பாய்ந்த மரம் கணீரென்று பேசும், உளுத்தது தொப்பென்று சொல்லும். பிறகு இழைப்புளியால் ஒரு மூலையில் லேசாகச் சீவி, சுருளை மூக்கருகே வைத்துப் பார்த்தார். தேக்கின் எண்ணெய் வாசம் எத்தனை வருஷம் ஆனாலும் போகாது. ஆணி அடித்த இடத்தைச் சுற்றிக் கறுப்பு படர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். கடைசியாகக் கீழ்முனையைத் திருப்பிப் போடச் சொன்னார். தரையில் பட்ட இடத்தில்தான் கரையான் முதலில் கணக்கை ஆரம்பிக்கும். இவ்வளவும் முடித்துவிட்டு, “சுமார்தான்” என்றார். பிடித்துவிட்டது என்று அப்பாவுக்குப் புரிந்தது. அண்ணாச்சிக்கும் புரிந்தது. பேரம் ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பத்தாவைச் சமாளிக்க வேண்டியிருந்தது. “வாழ்ந்து கெட்ட வீட்டு நிலையக் கொண்டாந்து நம்ம வீட்டுல நிறுத்துறியே, அந்த வீட்டுத் தரித்திரமும் கூட வராதாடா?” ஆசாரிதான் சமாதானம் செய்தார். “ஒரு சீவு சீவிட்டா புது மரம்தான் ஆத்தா. பீடையெல்லாம் சுருளோட அடுப்புக்குப் போயிரும்.” சுருள் அடுப்புக்குப் போனது. மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நிலை நின்றது. விருந்தாளிகள் கேட்டால் புது மரம் என்று சொல்லும்படி எங்களுக்கு உத்தரவு.

இதில் வெட்கப்பட என்ன இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பெரிய இடத்து உதாரணமே பக்கத்தில் இருந்தது. மதுரையில் திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய அரண்மனையை, தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் பெயர்த்து எடுத்துப் போனார். தாத்தா வீட்டை இடித்துச் சாமான் எடுத்த பேரன்களில் அவரைவிடப் பெரியவர் தமிழ்நாட்டில் இல்லை. இன்றைக்கு நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அவர் விட்டுப்போன மிச்சம். அதையும் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்ததால்தான் பார்க்கிறோம். கோயில்களிலும் இதே கதைதான். பழைய கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்போது பழைய கல்லையே திரும்ப வைத்தார்கள். கல்லில் இருந்த சாசனத்தைப் படியெடுத்து, பழங்கல்லின் படி என்று குறிப்பும் வெட்டினார்கள். சோழர் காலத்துக் கொத்தனார் ஒளித்துவைக்காத விஷயத்தைத்தான் நாங்கள் விருந்தாளியிடம் ஒளித்தோம்.

இப்போது கடைக்குப் போனால் அடையாளம் தெரியாது. புளியமரங்கள் சாலை விரிவாக்கத்தில் போய்விட்டன. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் மூன்று பெரிய கிடங்குகள். உள்ளே மஞ்சள் விளக்கு. பெயர்ப்பலகையில் ஆங்கிலம். அண்ணாச்சியின் மகன், குளிர்ந்த அறையில், தண்ணீர் பாட்டில் நீட்டி வரவேற்கிறார். சாமான் வரத்து மட்டும் பழையபடிதான். ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் வீதிகளில் இடிக்கிற வீடுகள், ராஜபாளையத்தில் பழையபாளையம், சிங்கராஜாகோட்டைப் பக்கத்து நாட்டு ஓட்டு வீடுகள், மலைக்கு அந்தப் புறம் கேரளத்திலிருந்து லாரியில் வருகிறவை. புது வரவு ஒன்றும் உண்டு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து நூற்பாலைகளால் வளர்ந்த ஊர் அது. மில்களில் கழித்த மரப் பாபின்கள் ஒரு கூடையில் கிடந்தன. மேலே பல்பு மாட்டினால் மேசை விளக்காம். ஷிப்டு முடிந்து காதில் பஞ்சோடு வீடு திரும்பிய ஒருத்தரிடம் அந்த விளக்கைக் காட்டி அவர் கருத்தைக் கேட்க எனக்கு ஆசை.

ஒரு கதவைக் கிட்டத்தில் பார்த்தேன். இன்னும் பட்டறைக்குப் போகாதது. இரட்டைக் கதவு, நல்ல தேக்கு. வெளிப்புறம் அடுக்கடுக்காகப் பெயிண்ட்: பச்சை, அதன் கீழ் நீலம், அதன் கீழ் காவி. நடுச்சட்டத்தில் வைத்த மஞ்சள், குங்குமம் கெட்டிப்பட்டு ஒரு மேடாகவே இருந்தது. குடிக்கணக்கு எடுக்க வந்தவர்கள் தாரில் எழுதிய எண் ஒன்று. உட்புறம் பென்சிலில் பால் கணக்கு, கோடு கோடாக. அதன் பக்கத்தில் மலேரியாக்காரர்கள் எழுதிய தேதிகள். 1958-ல் மத்திய அரசு மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, டி.டி.டி. அடிக்க வீடு வீடாக வந்த ஊழியர்கள் வந்துபோன அடையாளத்தை இப்படித்தான் எழுதிவைத்துப் போவார்கள். கீழே, ஒரு பிள்ளையின் உயரத்தைக் குறித்த வெட்டுகள். ஒரு குடும்பத்தின் அரை நூற்றாண்டு அந்த இரண்டு பலகையில் இருந்தது.

“இதையெல்லாம் என்ன செய்வீங்க?” என்றேன்.

“எல்லாத்தையும் சுரண்டி கிளீன் பண்ணிருவோம் சார். அப்புறம் ஆன்டிக் பினிஷ் குடுப்போம்.”

சுரண்டிய பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்து, அங்கங்கே கருக்கி, கறுப்பு மெழுகு பூசி, எங்கேயோ வார்த்த பித்தளைக் குமிழ்களை வரிசையாக அடித்து, கதவைப் பழசாக்குவார்களாம். உண்மையான பழசை நீக்கிவிட்டு வாங்குகிறவருக்குப் பிடித்த பழசை ஏற்றுகிறார்கள். வேப்ப மரக் கதவுக்கும் இதே வைத்தியம் செய்தால் அது தேக்காகவும் பிழைத்துக்கொள்ளும்.

அப்பன் சொல்லாத பூர்வீகத்தை மகன் கேட்காமலே சொல்கிறார். எல்லாம் ஜமீன் கதவுதான். பாதி சேத்தூர் ஜமீன், மீதி சிவகிரி ஜமீன். 1948-ல் சட்டம் போட்டு ஜமீன்தாரி முறையை ஒழித்தார்கள். அதன் பிறகு இத்தனை கதவு வந்துகொண்டே இருக்கிறது என்றால், அந்த அரண்மனைகளில் சுவருக்கே இடம் இருந்திருக்காது. அப்பத்தா பயந்த அந்த ‘வாழ்ந்து கெட்ட வீடு’தான் இன்றைக்கு விலையில் பாதி. எங்கள் நிலையை மூன்று இலக்கத்தில் வாங்கினோம். அதே மாதிரி நிலைக்கு இப்போது ஆறு இலக்கம் சொல்கிறார்கள். இடையில் கூடியது மரம் இல்லை, கதை.

கதவின் வயதும் ஆளுக்குத் தக்கபடி மாறும். வாங்க வருகிறவருக்கு அது நூற்றைம்பது வருஷத்துக் கதவு. அதிகாரி யாராவது கேட்டால் எழுபது, எண்பது. காரணம் இருக்கிறது. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருள் ஆகிவிடும். கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளையும் அந்தச் சட்டம் வரையறையில் சேர்த்திருக்கிறது. தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அதனால் ஒரே கதவு காலையில் பாட்டனாகவும் மாலையில் பேரனாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

என்னோடு வந்த நண்பர் பெங்களூரில் வேலை பார்க்கிறவர். ஆசாரியைக் கூட்டி வரவில்லை. போனில் ஒரு படம் வைத்திருந்தார். அதே மாதிரி வேண்டும். ஒரு வழியாக ஒரு கதவைத் தேர்ந்தெடுத்தார். வாசலுக்கு வைக்க முடியாது. அந்தக் காலத்து நிலைகளில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவர் மகன் ஆறடி. ஆகவே கதவைப் படுக்கப்போட்டு, நாலு கால் கொடுத்து, மேலே கண்ணாடி வைத்துச் சாப்பாட்டு மேசை ஆக்கப்போகிறார். வாசற்படியில் கால் வைத்து நின்றாலே அடி விழுந்த வீடுகள் எங்களுடையவை. அந்த வாசல் கதவின் மேல் இனி சாம்பார் சிந்தும். நிலையை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் ஆகப்போகிறதாம்.

இந்த வியாபாரத்தின் தலைமையகம் காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் ஒரு நாகரிகத்தையே கடைகடையாகப் பிரித்துவைத்திருப்பது தெரியும். எனாமல் தூக்குகள், பெல்ஜியம் கண்ணாடி, பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டி, ரவிவர்மா அச்சுப் படங்கள், ஒரு முழம் நீளச் சாவிகள், கல்யாணச் சீராக வந்து பிரிக்காமலே கிடந்த பாத்திரங்கள். செட்டிநாட்டு வீடுகள் இப்படிக் கரைவதற்கு வறுமை மட்டும் காரணம் இல்லை. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள், ஆளுக்கொரு நாட்டில். வீட்டைப் பங்கு போட முடியாது, தூணைப் பங்கு போடலாம். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது. ஊர் ஒரு பக்கம் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தபோதே தூண்கள் இன்னொரு பக்கம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் மட்டும் செட்டிநாட்டு வீட்டையும் கேரள வீட்டையும் பிரித்துக் கொண்டுவந்து வீடாகவே மறுபடி கோத்திருக்கிறார்கள். அங்கே கதவு கதவாக இருக்கிறது.

சரி, இருட்டில் வண்டி அனுப்பிய அந்த மானஸ்தர்களின் பிள்ளைகள் இப்போது எங்கே போகிறார்கள்? ராஜபாளையத்தில் ஒரு கடைக்குப் போகிறார்கள். கான்கிரீட்டில் வார்த்த நிலை, பிளாஸ்டிக் கதவு, அலுமினிய ஜன்னல். கதவின் மேல் தேக்கு மரத்தின் ரேகையைப் படமாக அச்சடித்து ஒட்டியிருக்கும். பழைய மரக்கடையில் மரத்தைப் பிரித்துத் தரம் பார்த்துச் சுமக்கிற தொழிலாளி ஒருவர் புது வீடு கட்டுவதாகச் சொன்னார். கதவு என்ன மரம் என்றேன். “பிவிசிதான் சார். இந்தக் கடைச் சாமான் நமக்குக் கட்டுப்படியாகுமா?” நாளெல்லாம் தேக்கைத் தூக்குகிற தோள் அது.

அந்தப் பிவிசி கதவையும் கான்கிரீட் வீட்டையும் நாளைக்கு இடிக்கும்போது என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். துருப்பிடித்த கம்பி எடைக்குப் போகும். மற்றது மண்ணும் கல்லும், கண்மாய்க் கரையில் கொட்டுவதற்கு. எங்கள் தாத்தாக்கள் கட்டிய வீட்டில் முக்கால்வாசி சாமான் அடுத்த வீட்டுக்கு உதவியது. நாம் கட்டும் வீட்டில் பேரனுக்குக் கொடுக்க ஒரு தாழ்ப்பாள்கூடத் தேறாது. கட்டட இடிபாட்டுக் கழிவை எப்படிப் பிரித்து மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் விதிமுறை வெளியிட்டது. கயிற்றுக் கட்டில் அண்ணாச்சிக்கு அதைப் படித்துக் காட்டியிருந்தால், “இதைத்தானே நாங்க பண்ணிக்கிட்டு இருந்தோம்” என்றிருப்பார்.

இதே வேலையைத் தர்மமாகவும் செய்யலாம். கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் 1991-ல் ஒரு பழைய சாமான் கடை தொடங்கினார்கள். ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் ‘ஹாபிடாட் பார் ஹியூமானிட்டி’ அமைப்பின் கடை. இடித்த வீட்டுக் கதவு, ஜன்னல், மிச்சப்பட்ட ஓடு எல்லாவற்றையும் தானமாக வாங்கிக் குறைந்த விலைக்கு விற்று, அந்தக் காசில் வீடு கட்டுகிறார்கள். இன்று பல நாடுகளில் அப்படிக் கடைகள் இருக்கின்றன. நமக்கு இது முடியாத காரியம் இல்லை. ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காகக் கொடுத்தார். வீட்டையே கொடுத்த ஊர், நிலையையும் ஓட்டையும் கொடுக்காதா?

ஆகவே வீட்டை இடிக்கப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜேசிபிக்குப் போன் போடும் முன்னால் ஓர் ஆசாரிக்குப் போன் போடுங்கள். ஜேசிபி ஒரு நாளில் வேலையை முடிக்கும், நிலை நாலாகப் பிளந்திருக்கும். ஆசாரி மரத்தைக் கழற்ற மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொள்வார், நிலை நிலையாகக் கிடைக்கும். ஓட்டை ஒன்றொன்றாக இறக்கச் சொல்லுங்கள், கூலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கடைக்கு விற்பதற்கு முன் உங்கள் தெருவில் கையைக் கடித்துக்கொண்டு வீடு கட்டுகிறவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கதவை வாங்கிக் கதவாகவே வைக்கப்போகிறவருக்கு விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.